கீபோர்டில் பழுதா, அமைப்பில் மாற்றமா: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் முறை

வாசிக்கும் இசைக் கீபோர்டு கெட்டுவிட்டது என்று என்னிடம் கொண்டுவரப்படும் கருவிகளில் பலவற்றுக்குத் திருப்புளியே தேவைப்படுவதில்லை. வீட்டில் யாரோ ஒரு பொத்தானைத் தெரியாமல் அழுத்தியிருப்பார்கள். அந்தப் பொத்தானின் பெயர் என்ன, அது எதை மாற்றுகிறது என்பது தெரியாததால், அமைப்பில் நேர்ந்த மாற்றம் பழுதாகத் தோன்றியிருக்கும். ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் அமைப்பையும், அடுத்து வெளியிலிருந்து செருகப்படும் அடாப்டர், பெடல், கம்பி ஆகியவற்றையும், கடைசியில் மட்டுமே உட்பகுதியையும் பார்க்கும் வரிசையை இங்கே பின்பற்றியிருக்கிறேன். கலைச்சொற்கள் எந்த அறிகுறியோடு தொடர்புடையவையோ அந்த இடத்திலேயே விளக்கப்பட்டுள்ளன.

சொற்களைப் பற்றி ஒரு முன்குறிப்பு. பியானோ, வயலின், புல்லாங்குழல் என்று நாம் தேர்ந்தெடுக்கும் ஒலியை யமஹா நிறுவனம் ‘வாய்ஸ்’ என்றும், காசியோ நிறுவனம் ‘டோன்’ என்றும் அழைக்கின்றன. தாளத்துடன் பின்னணி இசை தரும் பகுதி முன்னதில் ‘ஸ்டைல்’, பின்னதில் ‘ரிதம்’. தொலைபேசியில் பழுது கேட்பவர் ஒரு பெயரும் சொல்பவர் வேறு பெயரும் பயன்படுத்தினால் அரைமணி நேரம் வீணாகும். நம் பேச்சிலோ ‘கட்டை’ என்ற சொல்லே இரண்டு பொருள் தருகிறது: விரலால் அழுத்தும் கட்டையும் அதுதான், பாடகர் சொல்லும் சுருதிக் கணக்கும் அதுதான். இங்கே விரல்படும் பகுதியைக் கட்டை என்றும், மற்றதைச் சுருதிக் கட்டை என்றும் பிரித்தே எழுதுகிறேன்.

எதையும் ஆராய்வதற்கு முன்

கருவியை அணைத்து, அடாப்டர் தவிர அதில் செருகியிருக்கும் எல்லாவற்றையும், அதாவது பெடல், ஹெட்போன், யூ.எஸ்.பி. கம்பி, மிக்சருக்குப் போகும் கம்பி ஆகியவற்றை, எடுத்துவிட்டு மீண்டும் இயக்கிப் பாருங்கள். குறை மறைந்துவிட்டால் அது கருவிக்கு வெளியே இருக்கிறது; ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகினால் எது காரணம் என்பது தெரிந்துவிடும். மறையாவிட்டால் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பிப் பார்க்கலாம். யமஹா பி.எஸ்.ஆர்.–ஈ வரிசைக் கருவிகளில் வலது ஓரத்து வெள்ளைக் கட்டையை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போட்டால் சேமித்த அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். அதோடு மேல்பக்கத்து மூன்று கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து அழுத்தினால் கணினியிலிருந்து ஏற்றிய பாடல்களும் ஸ்டைல்களும் அழிந்துவிடும் என்பதால் அந்தக் கூட்டணியை அவசரப்பட்டு முயல வேண்டாம்.

கருவி இயங்கவில்லை, அல்லது தானாகவே அணைந்துவிடுகிறது

அரைமணி நேரம் யாரும் தொடாதிருக்கும்போது அணைந்தால் அது பழுதன்று. மின்சாரத்தைச் சேமிப்பதற்காக வைத்திருக்கும் ‘ஆட்டோ பவர் ஆஃப்’ என்ற ஏற்பாடு அது. பல யமஹா மாடல்களில் 30 நிமிடம் என்று வைத்தே தருகிறார்கள். இடது ஓரத்துக் கட்டையை அழுத்தியபடி இயக்கினால் அந்த ஏற்பாடு விலகிவிடும். பஜனைகளில் உபன்யாசம் முடிந்து அடுத்த பாட்டுக்குக் கை வைக்கும்போது கருவி இறந்துகிடப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

வாசித்துக்கொண்டிருக்கும்போதே, குறிப்பாக ஒலியைக் கூட்டும்போது அணைந்து மீண்டும் எழுந்தால், மின்கலம் வலுவிழந்திருக்கிறது அல்லது அடாப்டர் தேவையான ஆம்பியரைத் தரவில்லை. மாற்று அடாப்டர் வாங்கும்போது நான்கு செய்திகள் பொருந்த வேண்டும்: வோல்ட், ஆம்பியர், முனையின் துருவம், முனையின் பருமன். வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும். ஆம்பியர் குறையக் கூடாது, கூடுதலாக இருந்தால் தீங்கில்லை. துருவம் என்பது முனையின் நடுத்துளை நேர்மின்னா எதிர்மின்னா என்பதாகும். அடாப்டரின் மேலும் கருவியின் துளை அருகிலும் ஒரு வட்டத்தின் இருபுறம் கூட்டல், கழித்தல் குறிகளோடு அது வரையப்பட்டிருக்கும். 9.5 வோல்ட் கேட்கும் காசியோவுக்கு, முனை உள்ளே நுழைகிறது என்ற ஒரே காரணத்துக்காக 12 வோல்ட் அடாப்டரைச் செருகிவிட்டு வந்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு நடப்பது உண்மையான பழுது.

விளக்கு எரிகிறது, ஒலி வரவில்லை

ஒலியளவைப் பார்த்தபின் ஹெட்போன் துளையைப் பாருங்கள். 6.35 மில்லிமீட்டர் துளைக்குள் 3.5 மில்லிமீட்டர் மாற்றுமுனை மட்டும் தங்கியிருந்தால்கூட, ஹெட்போன் செருகப்பட்டிருப்பதாக எண்ணி உள் ஒலிபெருக்கியைக் கருவி துண்டித்துவிடும். துளை காலியாக இருந்தும் ஒலி இல்லையென்றால், உள்ளே இருக்கும் சிறிய தகட்டு சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு முனையைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்தால் பலமுறை விட்டுவிடும்.

தாளமும் உள்ளிருக்கும் மாதிரிப் பாடல்களும் ஒலிக்க, கட்டைகள் மட்டும் ஊமையாக இருந்தால் ‘லோக்கல் கன்ட்ரோல்’ அணைக்கப்பட்டிருக்கிறது. கட்டைகளையும் உள்ளே ஒலியை உண்டாக்கும் பகுதியையும் இணைக்கும் வழி அது. கணினியோடு இணைத்து ஒலிப்பதிவு செய்தவர்கள் அதை அணைத்துவிட்டு மறந்துபோவது வழக்கம்.

சுருதி பொருந்தவில்லை

இந்த ஒரு குறைக்கு நான்கைந்து காரணங்கள் இருப்பதால், எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை முதலில் காதால் அளந்துகொள்ள வேண்டும்.

அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான தூரமே அரைச்சுரம். விலகல் சரியாக ஓர் அரைச்சுரமோ சில அரைச்சுரங்களோ என்றால், எல்லாக் கட்டைகளின் சுருதியையும் அந்தக் கணக்கில் ஏற்றி இறக்கும் ‘ட்ரான்ஸ்போஸ்’ மாறியிருக்கிறது. நம் கணக்கில் ஒன்றாம் சுருதிக் கட்டை சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப், மூன்று ஈ, நான்கு எஃப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ என்று போகும். எப்போதும் சி–யிலேயே ஸட்ஜம் வைத்து விரல் பழகியவர், ஐந்தரைச் சுருதிக் கட்டையில் பாடும் ஒருவருக்கு வாசிக்க ட்ரான்ஸ்போஸைக் கூட்டல் 8 அல்லது கழித்தல் 4 என்று வைப்பார். மறுநாள் அதே கருவியில் பாடம் எடுக்கும் ஆசிரியருக்கு எல்லாம் தப்பாகக் கேட்கும். அணைத்தால் பூஜ்யத்துக்குத் திரும்பும் கருவிகளும் உண்டு, மதிப்பை நினைவில் வைத்துக்கொள்ளும் கருவிகளும் உண்டு. சரியாக ஒரு ஸ்தாயி விலகியிருந்தால் ‘ஆக்டேவ்’ என்ற தனி அமைப்பைப் பாருங்கள்.

அரைச்சுரத்துக்கும் குறைவாக, எல்லாச் சுரங்களும் ஒரே அளவில் விலகியிருந்தால் ‘டியூனிங்’ காரணம். மத்திய ஸ்தாயி சி–க்கு மேலுள்ள ஏ சுரம் வினாடிக்கு 440 அதிர்வுகள் (440 ஹெர்ட்ஸ்) என்பது உலகளாவிய அளவு. கீபோர்டும் அதில்தான் வருகிறது. ஆனால் பழைய ஆர்மோனியமோ நாதஸ்வரமோ அந்த 440–க்குக் கட்டுப்பட்டதன்று. அவற்றோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமானால் கீபோர்டைத்தான் நகர்த்த வேண்டும். அதற்கான இடம் ட்ரான்ஸ்போஸ் அன்று, டியூனிங். ஓர் அரைச்சுரத்தை 100 பங்காக்கி ஒவ்வொன்றையும் ‘சென்ட்’ என்பார்கள். கருவியின் திரையில் சில மாடல்கள் சென்டிலும் சில ஹெர்ட்ஸிலும் காட்டும் என்பதால் 5 என்ற எண்ணைக் கண்டதும் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓரிரு சுரங்கள் மட்டும், ஆனால் எல்லா ஸ்தாயிகளிலும் ஒரே மாதிரி விலகியிருந்தால் ‘ஸ்கேல் டியூனிங்’ மாறியிருக்கிறது. அரபு இசைக்காகக் கால்சுரங்களை வைத்துக்கொள்ள உதவும் இந்த வசதி நடுத்தர விலைக் கருவிகளிலும் இருக்கிறது. ‘ஈக்வல்’ என்ற நிலைக்குத் திருப்பினால் சரியாகும்.

விலகல் நிலையாக இல்லாமல் நடுங்கினால் இடப்பக்கத்து ‘பிட்ச் பெண்ட்’ சக்கரத்தைப் பாருங்கள். வழக்கமாக மேலும் கீழும் இரண்டிரண்டு அரைச்சுரம் வரை சுரத்தை வளைக்கும் இந்தச் சக்கரம் இல்லாமல் கீபோர்டில் கமகம் கிடையாது. அதனாலேயே கர்நாடக இசை வாசிப்பவர் கையில் இது மற்றவர் கையைவிட விரைவாகத் தேய்கிறது. விட்டதும் சுருள்வில் அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். நடுவில் நின்ற பிறகும் சுரம் சற்றே ஏறியோ இறங்கியோ கேட்டால், மெல்ல விரலால் அசையுங்கள். அசைவுக்கேற்பச் சுருதி துள்ளினால் உள்ளிருக்கும் மின்தடைத் தடத்தில் தூசி சேர்ந்திருக்கிறது என்று பொருள். துப்புரவு செய்து பார்த்தும் நிற்காவிட்டால் அந்தப் பாகத்தையே மாற்றுவது நல்லது.

இடக்கையில் வாசித்தால் வேறு ஒலி வருகிறது, அல்லது ஒலியே இல்லை

‘ஸ்பிளிட்’ இயங்குகிறது என்றால் கட்டைகள் இரு பகுதிகளாகப் பிரிந்து ஆளுக்கொரு ஒலி தரும். ஸ்டைலுக்கான கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) வாசிப்பு இயங்குகிறது என்றால், இடப்பகுதிக் கட்டைகள் பின்னணி இசைக்குக் கோர்டைச் சொல்லும் வேலைக்குப் போய்விடும். பிரியும் இடத்தை ‘ஸ்பிளிட் பாயின்ட்’ என்பார்கள். பல யமஹா கருவிகளில் அது 54 என்ற கட்டை எண்ணில், அதாவது எஃப் ஷார்ப் 2–இல் இருக்கும். இங்கே ஒரு குழப்பம் உண்டு: நடு சி–யை யமஹா சி3 என்றும், வேறு பல நிறுவனங்கள் சி4 என்றும் எழுதுகின்றன. கையேட்டுக்குக் கையேடு ஒரு ஸ்தாயி மாறித் தெரிவது இதனால்தான். எண்ணில் பேசினால் தப்பில்லை; எல்லாருக்கும் நடு சி 60.

ஒரே கட்டையில் இரண்டு வாத்தியம் சேர்ந்து ஒலித்தால் அது ‘லேயர்’ அல்லது ‘டூயல்’. அந்தப் பொத்தானை அணைத்தால் போதும்.

மெல்லத் தொட்டாலும் அலறுகிறது, அல்லது ஒரு கட்டை மட்டும் பேசவில்லை

எல்லாக் கட்டைகளும் எப்படி அழுத்தினாலும் ஒரே உரத்தில் ஒலித்தால், ‘டச் ரெஸ்பான்ஸ்’ அணைந்திருக்கிறதா, தேர்ந்தெடுத்த வாய்ஸ் ஆர்கனா என்று பாருங்கள். அசல் ஆர்கனில் விரலின் வேகம் உரத்தை மாற்றாது. அதைப் பின்பற்றும் ஒலியிலும் அப்படியே.

ஒரு கட்டை மட்டும் தொட்டாலே அலறினால் கதை வேறு. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் குமிழ் போன்ற ரப்பர் துண்டு இருக்கிறது. அதன் உட்புறத்தில் இரண்டு கறுப்புக் கார்பன் பொட்டுகள்; ஒன்று சற்று முன்னதாகவும் மற்றது சற்றுப் பின்னதாகவும் கீழிருக்கும் பலகையைத் தொடும். இந்த இரண்டு தொடுதல்களுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டே விரலின் வேகத்தைக் கருவி கணக்கிடுகிறது. ‘வெலாசிட்டி’ என்பது அந்த வேகந்தான். 1 முதல் 127 வரை எண்ணாகப் பதிவாகும். பொட்டிலோ பலகையிலோ அழுக்குப் படிந்தால் நேரக்கணக்கு தவறி, அந்தக் கட்டை பேசாமலிருக்கும், அல்லது மெல்லத் தொட்டாலும் முழு வேகமாக எடுத்துக்கொண்டு அலறும்.

இதைச் சரிசெய்வது கடினமன்று; ஆனால் பொறுமை வேண்டும். மின்கலத்தையும் அடாப்டரையும் எடுத்துவிட்டு, கருவியைத் துணி விரித்துக் கவிழ்த்து, அடித்தட்டின் திருகாணிகளைக் கழற்றுங்கள். நீளம் வேறுபடும் என்பதால் எது எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்திவையுங்கள். நீளமான திருகாணி தவறான இடத்தில் ஏறினால் மேல்தட்டைத் துளைத்துவிடும். கட்டைப் பகுதிக்கு அடியில் நீண்ட பச்சைப் பலகையும், அதன்மேல் பட்டையாக ரப்பரும் இருக்கும். ரப்பரைப் பிய்க்காமல் ஒரு முனையிலிருந்து மெதுவாகத் தூக்குங்கள். பலகையின் கார்பன் தடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த காதுப்பஞ்சால் ஒரு முறை வருடினால் போதும்; பஞ்சில் சாம்பல் நிறம் ஏறுவது தெரியும். ரப்பர்ப் பொட்டைத் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். தின்னர், பெட்ரோல், வாசனைத் திரவியம் ஆகியவை கார்பன் பூச்சைக் கெடுத்துவிடலாம். நன்றாக உலர்ந்த பிறகு ரப்பரின் சிறு காம்புகளைத் துளைகளில் அமுக்கிப் பொருத்துங்கள். ஒரு காம்பு சரியாக உட்காராவிட்டால் இதுவரை நன்றாக இருந்த பக்கத்துக் கட்டை பேசாமல் போகும், நீங்கள் மீண்டும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். எனக்கு அது ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நடந்திருக்கிறது.

ஒன்றிரண்டு கட்டைகளாக இல்லாமல், சீரான இடைவெளியில் பல கட்டைகளோ அடுத்தடுத்த ஒரு கூட்டமோ பேசாவிட்டால் துப்புரவு பயன் தராது. கட்டைகள் வரிசை, நிரல் என்ற வலையமைப்பில் கம்பிகளைப் பகிர்ந்துகொள்வதால், ஒரு கம்பி விட்டுப்போனால் அதைச் சேர்ந்த எல்லாம் சேர்ந்தே நிற்கும். பட்டைக் கம்பியின் இணைப்பை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு, மாறாவிட்டால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

ஒலி நிற்காமல் தொடர்கிறது, அல்லது பாதியில் அறுபடுகிறது

பெடலை அழுத்தினால் ஒலி அறுந்து, விட்டால் நீண்டால், ஒலியை நீட்டும் ‘சஸ்டெயின்’ பெடலின் துருவம் தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. அழுத்தாதபோது மின்சுற்று மூடியிருக்கும் பெடலும் உண்டு, திறந்திருக்கும் பெடலும் உண்டு. பல கருவிகள் இயங்கத் தொடங்கும் கணத்தில் பெடல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, அதையே ‘விட்ட நிலை’ என்று எடுத்துக்கொள்கின்றன. ஆகவே பெடலை முதலில் செருகி, காலை எடுத்துவிட்டு, பிறகு சுவிட்சைப் போட வேண்டும். அப்படியும் மாறாவிட்டால் பெடலின் அடியில் துருவம் மாற்றும் சிறு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீண்ட கோர்டுகளுக்கிடையே முன்பு வாசித்த சுரங்கள் திடீரென மறைந்தால் அது ‘பாலிஃபோனி’யின் எல்லை, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் உயிரோடிருக்கலாம் என்ற கணக்கு. 32 பாலிஃபோனி உள்ள கருவியில் லேயர் இயங்கினால் ஒரு கட்டைக்கு இரண்டு ஒலி செலவாகும். பெடலை மிதித்தபடி வாசித்தால் 16 சுரத்தில் கணக்கு தீர்ந்துவிடும், ஸ்டைலும் ஓடினால் அதற்கும் முன்பே. இதைப் பழுதுபார்க்க முடியாது. லேயரையோ பெடலையோ குறைக்கத்தான் வேண்டும்.

மைக் செட்டில் செருகினால் ஒலி மெலிகிறது, அல்லது உறுமுகிறது

ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில் கீபோர்டு ஹெட்போனில் கம்பீரமாகவும், மேடைப் பெட்டியில் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோலவும் ஒலித்தது. கீழ்ச்சுரங்களே இல்லை, எதிரொலி மட்டும் மிதந்தது. கருவியைக் குறை சொன்னார்கள். காரணம் கம்பியில் இருந்தது. ஹெட்போன் துளை ஸ்டீரியோ. முனையில் இரண்டு கறுப்பு வளையம் தெரியும் கம்பியால் அதை மிக்சரின் ‘பேலன்ஸ்டு’ துளையில் நேராகச் செருகியிருந்தார்கள். அந்தத் துளை, வரும் இரண்டு கம்பிகளின் வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். இடம், வலம் இரண்டிலும் சமமாக இருக்கும் ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிட, சமமில்லாத எதிரொலி மட்டும் மிஞ்சியது. ஸ்டீரியோ முனையிலிருந்து இரண்டு மோனோ முனைகளாகப் பிரியும் கம்பியை வாங்கி மிக்சரின் இரண்டு சேனல்களில் செருகினால் ஒலி முழுமையாக வரும். தனி வெளியீடு உள்ள கருவியில் ‘எல்/மோனோ’ என்று எழுதிய துளையைப் பயன்படுத்துங்கள். ஹெட்போன் துளையில் மோனோ முனையைச் செருகுவது ஒரு பக்கத்தைக் குறுக்குச்சுற்றாக்கும் என்பதால் அது வேண்டாம்.

உறுமலுக்கு ஒரு சோதனை. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதிலிருந்து வரும் உறுமல் பெரும்பாலும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில் கேட்கும். கீபோர்டின் கீழ் ஸ்தாயி ஜி 98 ஹெர்ட்ஸ். ஆகவே உறுமலோடு ஜி–யை வாசித்துப் பார்த்து, உறுமல் ஐந்தாம் சுருதிக் கட்டைக்கு மூன்றில் ஒரு அரைச்சுரம் மேலே நின்றால் அது மின்கம்பியிலிருந்து வருவது. அடாப்டரை எடுத்துவிட்டு மின்கலத்தில் வாசியுங்கள்; உறுமல் நின்றால் மின்வழியில்தான் குறை. மடிக்கணினி இணைந்திருந்தால் அதன் சார்ஜரையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பல இடங்களில் அதுவே குற்றவாளி. மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிட்டு உறுமலை நிறுத்தும் வழக்கம் உயிருக்கு ஆபத்து, கருவிக்கும் மிக்சருக்கும் இடையே வைக்கும் டி.ஐ. பெட்டியில் உள்ள ‘கிரவுண்டு லிஃப்ட்’ சுவிட்ச் அதே வேலையைப் பாதுகாப்பாகச் செய்யும்.

கணினியோடு இணைத்தபின் வரும் குறைகள்

1983–இல் வெளிவந்த ‘மிடி’ ஒலியைக் கடத்துவதன்று. எந்தக் கட்டை, எந்த வேகம், எப்போது விட்டது என்ற செய்தியை மட்டுமே கடத்துவது. இது புரிந்தால் பாதி ஐயம் தீரும். யூ.எஸ்.பி. கம்பியில் இணைத்தும் கணினியில் ஒலி வரவில்லை என்றால், அந்தச் செய்தியைக் கேட்டு ஒலி எழுப்பும் மென்பொருள் திறந்திருக்கவில்லை என்றே பொருள். ‘டூ ஹோஸ்ட்’ என்ற துளை கணினிக்கு, ‘டூ டிவைஸ்’ என்பது பென் டிரைவுக்கு. இரண்டையும் மாற்றக் கூடாது. ஒரே சுரம் இரண்டாக ஒலித்தால் கட்டையின் ஒலி நேராக ஒருமுறையும், மென்பொருள் திருப்பி அனுப்பி மறுமுறையும் வருகிறது. இப்போதுதான் லோக்கல் கன்ட்ரோலை அணைக்க வேண்டும்.

அழுத்தியபின் தாமதமாக ஒலித்தால் ஒலியை வெளியே விடுமுன் மென்பொருள் சேர்த்துவைக்கும் ‘பஃபர்’ அளவைக் குறையுங்கள். வினாடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் என்ற கணக்கில் பஃபர் 1,024 மாதிரிகள் என்றால் ஏறத்தாழ 23 மில்லிவினாடித் தாமதம். 256 என்றால் 6 மில்லிவினாடி. புளூடூத் ஹெட்போனில் வாசிப்பவருக்கு எந்த பஃபரும் உதவாது. கம்பி உள்ளதையே மாட்டிக்கொள்ள வேண்டும்.

இணையத்திலிருந்து எடுத்த மிடி கோப்பில் மிருதங்கத்துக்கோ டிரம்ஸுக்கோ பதிலாகப் பியானோ தடதடத்தால், தாளப் பகுதி பத்தாம் சேனலில் இல்லை. 1991–இல் வகுத்த ‘ஜெனரல் மிடி’ முறைப்படி 16 சேனல்களில் பத்தாவது தாள வாத்தியங்களுக்கு உரியது. மென்பொருளில் அந்தத் தடத்தின் சேனல் எண்ணை 10 என்று மாற்றிச் சேமித்து, மீண்டும் ஓடவிடுங்கள்.